கல்லறைச் சுவரில் ஒரு ஹலோ

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வருகிறேன். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துச் சுவரின் மேல் ஒரு மனிதர் நிற்கிறார்!

மடித்துக் கட்டிய வேட்டி. விழாமல் இருக்க ஒரு கையில் வேப்பங்கிளை. இன்னொரு கையில் செல்போன்.

"ஹலோ... ஆச்சி, கேக்குதுங்களா? சவரிமுத்து பேசுறேன். வெள்ளிக்கிழமை காலையில செட்டிநாடு ஸ்டேசன்ல வண்டியோட நிக்கிறேன்... ஹலோ... ஆச்சி... ஹலோ..."

இடது காலைக் கொஞ்சம் நகர்த்தினார். உடம்பைக் காரைக்குடிப் பக்கமாகச் சாய்த்தார். மறுபடி கேட்டிருக்க வேண்டும். தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனை அணைத்தார். கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என்னை அப்போதுதான் பார்த்தார்.

"என்ன சார் அப்படிப் பாக்குறீக? நம்ம ஊர்ல செத்தவுகளுக்கு மட்டுந்தான் டவர் கெடைக்குது. உசுரோட இருக்கவுக சுவரு ஏறித்தான் ஆகணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. அந்த மனிதரைச் சுவரில் ஏற்றிவிட்டதே நான்தான்.

எங்கள் ஊர் மணிக்கூண்டு கதையை இதே பக்கத்தில் எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? 'மணியைக் காப்பாற்றினோம்' என்று கொஞ்சம் மார்தட்டி எழுதியிருந்தேன். உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அந்தப் பாராட்டுகளை இப்போது திருப்பிக் கொடுக்க வழி இல்லை. உண்மையையாவது சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சவரிமுத்து.

வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த அம்பாசிடர், வயதான வண்டி. எங்கள் ஊர் காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் நடுவில் இருக்கிறது. சுற்று ஊர்களில் உள்ள பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் கடல் தாண்டியும் இருப்பவர்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், குலதெய்வப் படைப்பு என்று வருவார்கள். அவர்களை ரயிலடியில் ஏற்றி, வீட்டில் இறக்கி, குன்றக்குடி முருகனிடம் கூட்டிப்போய், திரும்ப ரயிலேற்றி விடுவது சவரிமுத்துவின் பிழைப்பு.

அந்தச் செல்போன்கூட கானாடுகாத்தான் வீட்டு ஆச்சி ஒருவர் கொடுத்ததுதான். சென்னையில் இருக்கிறார். மகன் புதுப் போன் வாங்கியதும் பழையதைச் சவரிமுத்துவிடம் நீட்டி, "நீ போனை எடுத்தாத்தான் நான் ரயில் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாராம்.

வீடு பள்ளத்துத் தெருவில். பெயருக்கு ஏற்ற தெரு. கோயிலும் எங்கள் தெருவும் மேட்டில் இருக்க, அது மட்டும் கண்மாய்க் கரையை ஒட்டிச் சரிந்து இறங்கும். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். பகலில் தெருவே காலி.

அந்தக் காலித் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் ஆள் உண்டு. சவரிமுத்துவின் மனைவி பிலோமினா. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பிடித்துத் தூக்கினால் உட்காருவார். தானாக எழ முடியாது. ஒரே மகளைச் சிவகங்கையில் கட்டிக் கொடுத்தாயிற்று.

இப்போது சவரிமுத்துவின் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். வீட்டில் போன் அடித்தால், சவாரி இல்லாத நேரமெல்லாம் மனைவி பக்கத்தில் இருக்கலாம். அடிக்காவிட்டால், காரைக்குடி கார் ஸ்டாண்டுக்குப் போய் நாள் முழுக்க ஆளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். தரைவழி போனுக்கு மனுப் போட்டிருக்கிறார். கேபிள் எங்கள் தெருவோடு நின்றுவிட்டது. பள்ளத்துக்கு எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆக, அவருக்குச் செல்போன் என்பது டாம்பீகம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்வதற்கான அனுமதி.

இந்த நிலையில்தான் போன வருஷக் கடைசியில் செல்போன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

ஜீப்பின் தலையில் ஒரு கம்பி. உள்ளே மடியில் வைக்கிற கம்ப்யூட்டர். சன்னலில் கட்டிய ஒரு போன். மூன்றையும் வைத்துக்கொண்டு சந்து சந்தாக ஊர்ந்து போனார்கள். ஏதோ தேர்தல் வேலை என்று நினைத்துச் சிலர் பின்னாலேயே ஓடினார்கள். கடைசியில் கம்ப்யூட்டரில் எங்கள் ஊரின் படம் வந்தது. சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. எங்கள் ஊர் முழுக்கச் சிவப்பு. கல்லறை மூலையில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் ஒரு பச்சை.

காரணம் எளிது. காரைக்குடியில் இருக்கும் அவர்களுடைய டவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு செம்மண் மேடு. அலை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மேட்டின் நிழலில் நாங்கள். கல்லறைப் பக்கம் மட்டும் மேட்டில் ஓர் இடைவெளி.

இதற்கு அவர்கள் கண்ட வழியும் எளிதுதான். எங்கள் கோயில் மணிக்கூண்டு நல்ல உயரம். அதன் தோளில் இரண்டு மூன்று ஆன்டெனாவை மாட்டிவிட்டால் ஊரும் பள்ளமும் ஆத்தங்குடி ரோடும் பச்சையாகிவிடும். தனியாக இரும்புக் கோபுரம் நட வேண்டியதில்லை. கோயிலுக்கு வாடகையும் தருவார்கள். கோயில் பாதிரியாரான பங்குச் சாமிக்குச் சம்மதம்தான். ஆனாலும் என்னைக் கேட்க வேண்டும் என்றார்.

என்னை எதற்கு?

அந்த மணியைச் செய்து கொடுத்தவர் என் தாத்தா. அவர் பெயர் மணியில் பொறித்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஊரில் 'மணிவீடு' என்றே பெயர். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் முதலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள். "அடிங்கப்பா" என்று எங்கள் வீட்டு ஆண் ஒருவர் சொன்ன பிறகுதான் துக்க மணி ஒலிக்கும். எந்தச் சட்டத்திலும் இல்லாத உரிமை. ஆனால் யாரும் மீறியதில்லை. மணிக்கூண்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் மணிவீடு சரி என்று சொல்ல வேண்டும்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள், பூசை முடிந்த பிறகு, கோயில் வளாகத்திலேயே.

கம்பெனி சார்பில் வந்தவர் கார்த்திகேயன் என்ற இளைஞர். கோயம்புத்தூர்க்காரர். சுறுசுறுப்பு. கொஞ்சம் அதிகமாகவே சுறுசுறுப்பு. நேராக என்னிடம் வந்து குனிந்து, சத்தமாக, காது கேளாதவரிடம் பேசுவது போல் ஆரம்பித்தார்.

"பெரியவரே, இப்ப டார்ச் லைட் இருக்குதுங்கல்ல? அதை அடிச்சா முன்னால கல்லு இருந்தா பின்னால நெழல் விழுமுங்கல்ல? அது மாதிரித்தானுங்க இதும்."

முப்பது வருஷத்துக்கு மேல் இதே ஊரில் ஒளியும் நிழலும் நடத்திய பௌதிக வாத்தியார் நான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கியவர்கள். எல்லோருக்கும் நான் 'சார்'. இவருக்குப் 'பெரியவர்'!

பின்வரிசையில் யாரோ, "சாருக்கே பாடமாடா?" என்று சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆளை மடக்க வேண்டுமென்று ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் தம்பி, இங்க எதுக்கு வைக்கிறீக? காரைக்குடி டவர்லயே பவரைக் கூட்டினாப் போகுது?"

"நல்ல கேள்விங்க பெரியவரே!" என்றார். வாத்தியார் மாணவனைத் தட்டிக் கொடுக்கிற அதே தொனி. "கூட்டலாமுங்க. டவர் பேசறது இங்க வந்து விழும். ஆனா இந்தச் சின்ன போன் பேசறது அங்க கேக்கோணுமல்லங்க? இதுக்கு இருக்கற தம்மு இவ்வளவுதானுங்க. டவர் எவ்வளவு கத்துனாலும், போன் சொல்றது அதோட காதுல விழுகலைன்னா போன் கால் நிக்காது. எங்க வேலைல பாதி டவரைப் பேச வெக்கறது இல்லீங்க. கேக்க வெக்கறது."

கூட்டம் கை தட்டியது.

அதோடு விட்டாரா? நாளைக்கு இதே போனில் எழுத்து அனுப்பலாம், படம் அனுப்பலாம், கம்ப்யூட்டரில் வருகிற கடிதமெல்லாம் சட்டைப் பைக்குள் வந்துவிடும் என்றார். "அதுக்கெல்லாம் சிக்னல் இன்னும் நல்லா வேணுமுங்க. பேச்சுல ரெண்டு வார்த்தை விட்டுப் போனா மனுசன் ஊகிச்சுக்குவான். எழுத்துல விட்டுப் போனா மிஷின் ஊகிக்குமா? அதனால டவரைக் கிட்டக் கிட்டக் கொண்டாந்துட்டே இருப்போம். இன்னைக்கு ஊருக்கு ஒண்ணு, நாளைக்குத் தெருவுக்கு ஒண்ணு."

எல்லாம் சரியான விஷயம். நானே வகுப்பில் சொல்லியிருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் பொறுக்கவில்லை.

அப்போது சவரிமுத்து எழுந்தார். பழக்கமில்லாத ஆள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சாமி... எனக்கு ஒண்ணும் பேசத் தெரியாது. இந்த டவர் வந்துச்சுன்னா நான் வீட்டுல இருந்துக்கிருவேன். அவளை ஒத்தையில போட்டுட்டுப் போக வேண்டியதில்லை. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாமி என்னைப் பார்த்தார். ஊர் என்னைப் பார்த்தது.

நான் எழுந்தேன். எனக்குப் பேசத் தெரியுமே!

மணிக்கூண்டு மந்திரித்துப் புனிதமாக்கிய இடம் என்றேன். தாத்தாவை இழுத்தேன். அது யாரையும் அசைக்கவில்லை என்று தெரிந்தது. உடனே குரலைத் தாழ்த்தி, வகுப்புக் குரலில், இதைச் சொன்னேன்:

"ஒரு பௌதிக ஆசிரியராகச் சொல்கிறேன். இந்த அலைக்கும் மணி ஓசைக்கும் ஒத்துவராது. இரண்டு அதிர்வும் மோதினால் வெண்கலம் தாங்காது. இன்றைக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் மணி விரிசல் விடும்."

வாசகர்களே, இது பொய்.

தெரியாமல் சொன்னதில்லை. மணி ஓசை காற்றின் அதிர்வு. செல்போன் அலை வேறு இனம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடத் தொடாது. ஒன்பதாம் வகுப்பில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். தெரிந்தே சொன்னேன். மணிக்கூண்டை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் தாத்தாவின் மணியை விட்டுவிட்டு ஆன்டெனாவைப் பார்ப்பார்களே என்ற எரிச்சல். 'பெரியவரே' என்று கூப்பிட்ட பையனை ஊர் முன்னால் வீழ்த்த வேண்டும் என்ற வெறி. வேறு காரணம் எதுவுமே இல்லை.

கார்த்திகேயன் திகைத்துப் போய், "சார், அப்படியெல்லாம் இல்லீங்க..." என்று ஆரம்பித்தார். முதல் முறையாக 'சார்' வந்தது! ஆனால் அவர் வெளியூர். நான் மணிவீடு.

முடித்து வைத்தது யார் தெரியுமா? சவரிமுத்துவேதான். எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எட்டாங்கிளாஸ்ல சார்தான் எனக்கு ஒலி, ஒளி ரெண்டும் நடத்துனாக. அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். மணி விரிசல் விடுமுன்னா வேண்டாம் சாமி. அது ஊர்ப் பொது. நான் எப்படியும் சமாளிச்சுக்கிருவேன்."

ஜீப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்கு அந்தக் கட்டுரையை எழுதினேன். 'மணியைக் காப்பாற்றினோம்'!

இதெல்லாம் மனசில் ஓட, கல்லறைச் சுவரடியில் நின்றேன். சவரிமுத்து இறங்கி வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பிலோமினா எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன்.

"விழுந்துட்டா சார்."

"எப்போ?"

"வியாழக்கெழமை. நான் காரைக்குடி ஸ்டாண்டுல கெடந்தேன். சொம்பை எட்டி எடுக்கப் போயி கட்டில்லருந்து சரிஞ்சிருக்கா. கூப்புட்டுப் பாத்திருக்கா. தெருவுல ஆளு ஏது? பட்டறைக்குப் போன பொம்பளைக திரும்பி வந்துதான் தூக்கிப் படுக்க வச்சிருக்காக. கையி வீங்கிப் போச்சு. எலும்பு முறியலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாதா புண்ணியம்."

மணிக்கூண்டு கண்ணில் படாதபடி திரும்பி நின்றுகொண்டேன்.

"தாகம் சார்" என்றார். "தரையில கெடந்ததுகூடப் பெருசாத் தெரியலையாம். சொம்புத் தண்ணி கண்ணு முன்னால கொட்டிப் போச்சாம். அதைப் பாத்துக்கிட்டே பகல் பூராக் கெடந்திருக்கா."

அவர் குரலில் என் மேல் குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகும்போது மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்து, "என்ன செய்ய? மணி நல்லா இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் — விரிசல் பொய் உட்பட. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பொய் சொல்றீகன்னு. பொய் சொல்றப்ப மட்டுந்தான் நீங்க செந்தமிழ்ல பேசுவீக."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். அன்னிக்குச் சோறு போடுறப்பவே சொன்னேன். சவரிமுத்துவைப் பாத்தாப் பாவமா இருக்குன்னு. நீங்க கட்டுரைக்குத் தலைப்பு யோசிச்சுக்கிட்டு இருந்தீக." ஒரு வெங்காயத்தை நறுக்கென்று வெட்டினாள். "நீங்க பேசுனா ஊருக்கே கேக்கும். ஊரு பேசுனா உங்களுக்குத்தான் கேக்காது."

கோயம்புத்தூர்ப் பையன் இதைத்தானே சொன்னான்?

யோசித்துப் பார்க்கிறேன். நாமெல்லாம் வாழ்நாள் முழுக்கக் குரலைக் கூட்டுவதற்கே பாடுபடுகிறோம். மேடை, மைக், பதவி, பட்டம்... என்னைப் போன்றவர்களுக்கு வாராவாரம் பத்திரிகையில் ஒரு பக்கம் வேறு! சிறிய தம் உள்ளவர்கள் பள்ளத்திலிருந்து சொல்வது நம் காதில் விழ என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

மறுநாள் பள்ளத்துத் தெருவுக்கு இறங்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. துக்கம் சொல்ல அவர்கள்தான் மேடேறி எங்கள் வாசலுக்கு வருவார்கள். நாங்கள் இறங்கியதில்லை.

சவரிமுத்து வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிலோமினா கட்டிலில், வீங்கிய கையை மடியில் வைத்தபடி சாய்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. சொன்னேன். அலையும் ஓசையும் வேறு வேறு. மணிக்கு ஒன்றும் ஆகாது. கூட்டத்தில் சொன்னது பொய். என் வீம்புக்காகச் சொன்னேன்.

சவரிமுத்து என்னையே பார்த்தார்.

"அப்ப மணி விரிசல் விடாதா சார்?"

"விடாது."

"ஒரு நாளும் விடாதா?"

"விடாது, சவரி."

"ம்..." என்றார். திரும்பி, துடைத்து முடித்திருந்த கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். நான் நின்றேன். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிலோமினாதான் பேசினார். வாய் லேசாகக் கோணும். ஆனால் சொல் கோணவில்லை.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி சார்? உக்காருங்க. வந்துட்டீகள்ல. இனி டவருக்கு என்ன செய்யப் போறீக, அதைச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் ஊர் முன்னாலும் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. 'சார் கம்பெனிக்காரன்கிட்ட ஏதோ வாங்கிட்டாரு' என்று ஒரு பேச்சு வந்தது. பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள், உண்மையை நம்ப எத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள்! கடைசியில் சாமி தலையிட்டுச் சம்மதம் எழுதி அனுப்பினோம்.

கார்த்திகேயன் எங்கள் வீட்டுக்கே போன் பண்ணினார். "லேட்டாயிருச்சுங்க சார். இந்த வருசத்து ப்ளான் முடிஞ்சுது. உங்க ஊருக்கு வெச்ச சாமானை வேற ஊர்ல ஒரு ரைஸ் மில் மேல மாட்டிட்டோம். அடுத்த கட்டத்துல பாக்கலாமுங்க. போன் கால் எங்க எங்க அறுந்து போகுதுன்னு கணக்குப் பாப்போம். அதிகமா அறுகற எடத்துலதான் அடுத்த டவர் வரும்."

"எங்க ஊர்ல கால் சேர்ந்தாத்தான தம்பி அறுகுறதுக்கு?"

சிரித்தார். "அந்தக் கல்லறைச் சுவத்துல இருந்து பேசச் சொல்லுங்க சார். அறுந்து அறுந்து போனாத்தான் எங்களுக்குத் தெரியும், அங்க ஆளு இருக்காங்கன்னு."

பெரியவரே என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

அதுவரை என்ன செய்வது? எங்கள் வீட்டில்தான் தரைவழி போன் இருக்கிறதே! சவரிமுத்துவின் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். இப்போது மணிவீடுதான் சவரிமுத்துவின் புக்கிங் ஆபீஸ். ரெஜினா தலைமை. நான் கீழ்நிலை ஊழியன். சவாரி வந்தால் பள்ளத்துக்கு இறங்கிச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இறங்கும்போது தெரியவில்லை. ஏறும்போதுதான் என் முழங்கால் இரண்டும் கூட்டத்தில் நான் செய்த பிரசங்கத்தை எனக்கு நினைவூட்டின.

ஒரு வாரம் பார்த்துவிட்டு பிலோமினா சொன்னார்: "எதுக்கு சார் இப்படி நடந்து சாகுறீக? கோயில் மணி எனக்கு இங்கன நல்லாக் கேக்குதே. படுத்துக் கெடக்கவளுக்கு அதுதான கடியாரம். சவாரி வந்தா வெரசா ரெண்டு தட்டு தட்டுங்க. இவுக மேட்டுக்கு வந்துருவாக."

"கோயில் மணியையா? சவாரிக்கா?"

"ரெண்டோட நிறுத்திக்கிருங்க. இழுத்து இழுத்து அடிச்சுப்புடாதீக. நான்தான் போயிட்டேன்னு ஊரே மாலையோட வந்துரும்."

சாமியிடம் போய் நின்றேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார் சார். உங்க தாத்தா?"

"கோவிச்சுக்கட்டும் சாமி."

இப்படித்தான், டவர் மாட்டினால் விரிசல் விட்டுவிடும் என்று நான் காப்பாற்றிய மணி இப்போது அம்பாசிடருக்காக அடிக்கிறது. டிங் டிங்! நானே கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன். முதல் நாள் ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. "என்ன சார், யாரு?" என்று பதறினார்கள். "சென்னை ஆச்சி... செட்டிநாடு ஸ்டேஷன்ல எறங்குறாகளாம்" என்றேன். இப்போது யாரும் பதறுவதில்லை. "சவரிக்கு ஆளு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அடித்தால் மட்டும் போதுமா? அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஓர் ஏற்பாடு. மணி கேட்டதும் சவரிமுத்து வண்டி ஹாரனை ஒரு தடவை அடிப்பார். கயிற்றை விட்டதும் நான் அசையாமல் நிற்கிறேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பள்ளத்திலிருந்து 'பாம்...' என்று வருகிற வரையில் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. என் ஆயுளில் எதற்கும் இவ்வளவு கவனமாகக் காதைக் கொடுத்து நின்றதில்லை.

பிலோமினாவின் கை வீக்கம் வடிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நாற்காலி கிடக்கிறது. சவாரி இல்லாத நேரத்தில் சவரிமுத்து அதில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுகிறாராம்.

அவர் என்னிடம் பழைய மரியாதை மாறாமல்தான் பேசுகிறார். இன்னமும் 'சார்'தான். ஆனால், 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது மட்டும் அவர் வாயில் இப்போது வருவதில்லை.

போன வாரம் மணி அடித்து அவரை மேட்டுக்கு வரவழைத்தேன். "ஆச்சி வர்ற ரயில் லேட்டாம். அவசரமில்லை, மெதுவாப் போகலாம்" என்று சொன்னேன்.

"சரிங்க சார்" என்றார்.

பிறகு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சுவரில் ஏறி, வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரித்தார்.

சரியாகத்தான் செய்தார்.